மருந்துறையில் தமிழ் இல்லை, மடிகின்றது காவல்நாய்!

தமிழ்நிலத்து நாய்களைப் பற்றிப் பெருமை பேசாத தமிழர் அரியர். விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் நாய், அம்மண்ணின் சிப்பிப்பாறை நாய், தேனி மாவட்டத்துக் கோம்பை நாய், தென்மாவட்டங்களின் கன்னி நாய் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவர். 2005 சனவரி 9-ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளுள் ஒன்று இராசபாளையத்திற்கு உரியது. நடுவணரசின் விலங்கு மரபுவள நிறுவனம் முதன்முதலாகப் பதிந்த மூன்று நாயினங்களுள் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தமிழகத்தவை. மூன்றாவது கருநாடகத்து முதோல். பெருமைக்கு இவை போதும்.

ஆனால், அப்பெருமைக்குரிய நாயின் காதுமடலைப் புரட்டிப் பார்ப்பவர் எத்துணைப் பேர்? கால்விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பவர் எத்துணைப் பேர்? அங்கே ஆமணக்கு விதை போலக் குருதியால் உப்பித் தொங்கும் உண்ணிகளைக் காணலாம். தோளுயரம் 70 செண்டிமீட்டர் வளர்ந்து, கள்வனைக் கண்டால் கதவதிரக் குரைக்கும் பெருநாய், எள்ளளவு பூச்சிக்குத் தோற்று மூலையில் சுருண்டு மடிகின்றது. ஊரைக் காக்கும் நாயைக் காக்கத் தமிழர்க்கு ஏன் இயலவில்லை? அன்பில்லாமையால் அன்று, பொருளில்லாமையாலும் அன்று. அதனைக் காக்கும் அறிவு முழுவதும் அயல்மொழிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றமையால்!

பகையின் இருப்பிடம்

உண்ணி நாயின்மேல் குடியிருக்கின்றது என்று எண்ணுவதே முதற் பிழை. நாய் அதற்கு உணவுக்களமே, வீடன்று. அதன் வீடு சுவர் வெடிப்பு, கதவுநிலையின் இடுக்கு, நாய்க்கூட்டின் கூரைச் சந்து, நாய் படுக்கும் கோணியின் மடிப்பு ஆகியவையே.

நாயுண்ணிக்கு முட்டை, ஆறுகால் குஞ்சு, எட்டுக்கால் இளவுண்ணி, வளர்ந்த உண்ணி என நான்கு நிலைகள் உண்டு. முட்டையொழிந்த மூன்று நிலையிலும் ஒவ்வொரு முறை நாய்மேல் ஏறுகின்றது. சில நாள் குருதி குடிக்கின்றது. பின்னர்க் கீழே விழுந்து வெடிப்பில் ஒளிகின்றது. குஞ்சும் இளவுண்ணியும் ஆங்கே தோலுரித்து அடுத்த நிலை எய்துகின்றன. வளர்ந்த பெண் உண்ணியோ, வயிறு புடைக்கக் குடித்து விழுந்து, நாலாயிரம் வரை முட்டையிட்டு இறக்கின்றது. உணவே கிடைக்காவிடினும் வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் உயிர்தாங்கிக் காத்திருக்க வல்லது. மேல்நோக்கி ஏறுவது அதன் இயல்பு. ஆகலின் தரையை மட்டும் கழுவியவர் அதன் அரண்மனை வாயிலைக் கழுவியவரே. அரண்மனைக்குள் அவர் நுழையவில்லை.

குளிர்நாடுகளில் பனிக்காலம் உண்ணியின் பெருக்கத்தை ஓரளவு அடக்குகின்றது. தமிழகத்திற்கு அந்த ஓய்வும் இல்லை. வெப்பம் மிகுந்த இந்நிலத்தில் ஆண்டு முழுவதும் அதற்கு அறுவடைக் காலமே. ஞாயிற்றுக்கிழமை நாயைக் குளிப்பாட்டி, உண்ணிகளைப் பொறுக்கியெறிந்து, வென்றோம் என்று மகிழ்பவர், அடுத்த சில கிழமைகளில் மீண்டும் காதுமடல் நிறைய உண்ணியைக் காண்பது இதனால்தான். எறியப்பட்டவை படையின் ஒரு பிரிவே. பெரும்படை சுவரில் உள்ளது.

தெள்ளுப்பூச்சியின் சூழ்ச்சியும் இவ்வாறானதே. அது தாவும், உண்ணி தாவாது. தெள்ளின் முட்டைகள் நாயின் மயிரினின்று உதிர்ந்து, படுக்கையிலும் தரையிடுக்கிலும் விழுந்து, புழுவாகிக் கூட்டுப்புழுவாகின்றன. அக்கூட்டினுள் மருந்து எளிதிற் புகாது. அடிவைக்கும் அதிர்வும் உடலின் வெப்பமும் உணர்ந்த நொடியில் கூட்டை உடைத்துப் பாய்கின்றது. ஆகவே வளர்ந்த தெள்ளு பத்தினைக் கண்டால், கண்ணுக்குத் தெரியாத நூறு தரையில் உண்டென்று அறிக. நாயின் மயிரில் கருந்துகள் தெரிந்தால் அதனை நனைந்த வெள்ளைத்துணியில் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியிற் செம்பழுப்புக் கறை படருமாயின் அது தூசன்று. தெள்ளுக் கழித்த குருதி. தெள்ளினை நாய் நக்கி விழுங்கும்போது நாடாப்புழுவும் உடன்சென்று குடலிற் குடியேறுகின்றது.

சென்னையில் பிறந்த பெயர், தமிழில் இல்லாத பெயர்

குருதி இழப்பு மட்டுமே உண்ணியால் வரும் கேடென்றால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். உண்ணி வாயால் எடுப்பது குருதி, கொடுப்பது நோய்.

செங்குருதி அணுக்களுட் புகுந்து அவற்றை உடைக்கும் நுண்ணுயிரி ஒன்றுண்டு. உலக மருத்துவ நூல்கள் அனைத்தும் அதனைப் 'பபேசியா கிப்சோனி' என்கின்றன. அது முதன்முதல் எங்கே கண்டறியப்பட்டது? இலண்டனிலா? பாரிசிலா? சென்னையில்! 1910-ஆம் ஆண்டு, சென்னை வேட்டைக் குழுவினர் வளர்த்த வேட்டைநாய்களின் குருதியிற் பேட்டன் என்னும் ஆய்வாளர் அதனைக் கண்டார்; பின்னர் நரியின் குருதியிலும் கண்டார். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இலேயே தோன்றிவிட்டது. கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1989-இல் தமிழகத்தில் அமைந்தது. நோய் கண்டறிந்து நூறாண்டு கடந்தும், நோய் கண்ட மண்ணின் மொழியில், நாய் வளர்ப்பார் நாவிற் புழங்கும் பெயர் ஒன்று அதற்கு இல்லை. பெயரில்லாத நோயை எவர் அஞ்சுவார்? எவர் அறிந்து தடுப்பார்?

'எர்லிச்சியா' என்பது இன்னொன்று. 1935-ஆம் ஆண்டு அல்சீரியாவில் முதன்முதல் விளக்கப்பட்டது. உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே இது நாயின் உடலுட் புகக்கூடும். குருதி உறையத் துணைசெய்யும் தட்டணுக்களை இது குறைக்கின்றது. மூக்கிற் குருதி வடியும். பெருநாய் என்பதனால் இது விட்டுவைப்பதில்லை. 1960-களின் இறுதியில் வியத்துநாம் போருக்கு அமெரிக்கப் படை கொண்டுசென்ற செருமானிய மேய்ச்சல்நாய்களுள் நூற்றுக்கும் மேற்பட்டவை பகைவன் குண்டாலன்றி இந்நோயால் மடிந்தன. அல்சேசன் என்று தமிழகத்தார் அழைப்பது அந்த இனத்தையே. மற்றை இனங்களைவிட அவ்வினத்தில் இந்நோய் கடுமையாக முற்றுகின்றது என்பதும் ஆய்வாளர் கண்ட உண்மை.

உணவை மறுத்தல், காய்ச்சல், வெளிறிய பல்லீறு, மஞ்சளித்த கண், தேயிலைச் சாறு போலக் கறுத்த சிறுநீர், மூக்கிற் குருதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குருதியை ஆய்ந்து பார்க்க வேண்டும். எர்லிச்சியாவுக்கு மருத்துவர்கள் இடாக்சிசைக்கிளின் என்னும் மருந்தை ஏறத்தாழ நான்கு கிழமை தொடர்ந்து கொடுக்கச் சொல்கின்றனர். மூன்றாம் நாளே நாய் வாலாட்டி உண்ணத் தொடங்குகின்றது. நோய் நீங்கியதெனக் கருதி வளர்ப்பவர் மருந்தை நிறுத்திவிடுகின்றார். நான்கு கிழமையும் ஏன் தரவேண்டும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் ஒருவரும் எழுதித் தரவில்லை. உள்ளொளிந்த நோய் சில திங்களில் மீண்டும் எழுந்து, குருதியூறும் எலும்பு மச்சையையே அழிக்கின்றது.

பெயர்க் குழப்பத்தின் இன்னொரு கேட்டினையும் இங்குச் சொல்ல வேண்டும். மாந்தர்க்கு வரும் 'இசுகிரப் டைபசு' என்னும் நோயைச் செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. அதனைப் பரப்புவது நாயுண்ணியன்று. புதர்களில் வாழும் கண்ணுக்கெட்டாச் சிற்றுயிரியின் குஞ்சு. இருவேறு உயிர்களுக்கு ஒரே சொல்லை வழங்கினால் விளைவு என்னாகும்? செய்தி படித்தவர் அஞ்சி, குற்றமற்ற நாயைத் தெருவில் விடுவார். புதரை வெட்டாமல் விடுவார். முன்னதைப் 'புதர்க்காய்ச்சல்' என்றும், எர்லிச்சியாவை 'நாயுண்ணிக் காய்ச்சல்' என்றும், பபேசியாவைச் 'செவ்வணுச் சிதைவு நோய்' என்றும் வழங்கலாம். இவற்றினும் சிறந்த சொற்களை அறிஞர் ஆக்கித் தரின் அவற்றையே கொள்ளலாம். சொல்லாக்கம் புலவர்தம் பொழுதுபோக்கு அன்று; ஓர் உயிரின் சாவும் வாழ்வும் அதனைப் பற்றி நிற்கின்றன.

பொய்ப்பெருமையும் கைம்மருந்தும்

தமிழ்ப்பற்றாளர் சிலர் நாட்டுநாயை உண்ணி நெருங்காது என்பர். இது பொய்ப்பெருமை. அடர்மயிர்ச் செயின்ட் பெர்னார்டு நாயைச் சென்னை வெயிலில் வளர்ப்பது அறியாமையே; அதன் மயிர்க்காட்டில் உண்ணியைத் தேடுவதும் அரிது. இராசபாளையத்தின் குறுமயிர் வெண்ணிறத்தில் உண்ணி எளிதிற் கண்ணிற் படும். அது தேடுபவர்க்கு வாய்ப்பே தவிர, நாய்க்குக் கவசமன்று. தேடாதவர் வீட்டில் இரண்டும் ஒன்றே.

வேப்பெண்ணெயும் வசம்பும் மஞ்சளும் இருக்க அயல்மருந்து எதற்கு என்பர் வேறு சிலர். வேம்பு பூச்சிகளை ஓரளவு விலக்கும் ஆற்றலுடையதே. ஆனால், சுவரெல்லாம் உண்ணி மொய்த்த வீட்டில் வேப்பெண்ணெய் மட்டும் பூசி நாயைக் காப்பது, வெள்ளத்தை முறத்தால் தடுப்பது போன்றது. தமிழ் மருத்துவத்தின் மேன்மை மெய்ம்மையில் நிற்கவேண்டும். மிகையில் நிற்கக் கூடாது.

இவற்றினும் கொடியவை ஊர்தோறும் உலவும் கைம்மருந்துகள். மண்ணெண்ணெய் பூசினால் தோல் வெந்து புண்ணாகும். நாய் அதனை நக்கி நஞ்சுண்ணும். புகையிலை ஊறிய நீர் தோல்வழியே உட்புகுந்து நடுக்கமும் வலிப்பும் தரும். உண்ணியைத் தீக்கங்கால் சுடுவதும் தவறு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி, முறுக்காமல் நேராக இழுத்து, வழலை கரைத்த நீரில் இடுவதே நெறி. விரலால் நசுக்கலாகாது, அதன் குருதியிலுள்ள நோய் மாந்தர் கைப்புண்ணிலும் ஏறக்கூடும்.

எடையறியா மருந்தும் எழுத்தறியா உறையும்

நாய்க்கான உண்ணி மருந்துகள் பெரும்பாலும் எடையளவில் நிற்பவை. பெருநாய் வளர்ப்பார் இங்குதான் இருமுனையிலும் தவறுகின்றனர். பத்து கிலோ நாய்க்குரிய மருந்தை நாற்பது கிலோ நாய்க்குத் தந்து, மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்காரரைக் குறை கூறுவார் ஒருவர். 2013, 2014-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஐசாக்சசோலின் வகை வில்லைகளுள் ஒன்று 20 முதல் 40 கிலோ வரை ஓர் அளவு, 40 முதல் 56 கிலோ வரை வேறோர் அளவு என்று பகுத்தே விற்கப்படுகின்றது. ஒன்று ஒரு திங்களுக்குக் காக்கும். இன்னொன்று பன்னிரு கிழமைக்குக் காக்கும். வலிப்பு நோயுள்ள நாய்க்கு இவ்வகையைத் தருவதில் விழிப்பு வேண்டும் என்று 2018-இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது. இவையனைத்தும் உறையினுள் மடித்த தாளில் உள்ளன, ஆங்கிலத்தில் உள்ளன, கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில் உள்ளன.

மற்றொருவர் பெரிய நாய்தானே என்று மாட்டு மருந்தை ஊற்றுவார். அமித்திராசு என்னும் நீர்மருந்தை அளந்து நீர்க்காமல் ஊற்றினால் நாய் மயங்கி விழும். ஐவர்மெக்டின் ஊசி மாட்டுக்குப் பழகிய மருந்து. கோலி முதலிய சில மேய்ச்சல்நாய் இனங்களில் அது மூளையுட் புகுந்து உயிரைக் குடிக்கும். நாய்க்குரிய பெர்மெத்திரின் மருந்தை வீட்டுப் பூனைமேல் ஒருதுளி இட்டால் பூனை துடித்துச் சாகும். 'பூனைக்கு ஆகாது' என்ற இரண்டே சொல் தமிழில் இருந்தால் அவ்வுயிர் பிழைத்திருக்குமே!

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லிக்கு வேறு நெறி வகுத்தது இதே இந்திய அரசு. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், அதனுடன் வைக்கும் விளக்கத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விற்கும் வட்டாரத்து மொழியிலும் அமைய வேண்டும் என்றன. தமிழ் அங்கே மூன்றாம் இடத்தில் நிறுத்தப்பட்டது. அது வேறு கொடுமை. எனினும் இடமாவது உண்டு. கத்தரிச் செடியின் பூச்சிக்குச் சொல்லக் கூடியதை, காவல்நாயின் உண்ணிக்கு ஏன் சொல்லக் கூடாது? உழவன் கையிலுள்ள நஞ்சுக்கு அவன் மொழி வேண்டுமெனில், அவன் வாயிற்படியில் கிடக்கும் நாயின் நஞ்சுக்கும் அம்மொழி வேண்டுமன்றோ?

'நாய் மருந்துக்குமா மொழிப்போர்?' என்று நகைப்பார் உளர். மொழி வாழ்வது மேடையிலன்று. மருந்துக்கடையில், அடுக்களையில், தொழுவத்தில். அங்கெல்லாம் தமிழை விரட்டிவிட்டு மேடையில் மட்டும் வாழவைத்தல் பிணத்துக்கு மாலையிடுதலே ஆகும். 'மருந்தின் பெயரைத் தமிழாக்கினால் குழப்பம் வரும்' என்பார் வேறு சிலர். மருந்தின் வேதிப்பெயர் தமிழ் எழுத்தில் அப்படியே நிற்கட்டும். எத்துணை எடைக்கு எவ்வளவு, எத்துணை நாளுக்கு ஒருமுறை, எவ்வுயிர்க்கு ஆகாது, தவறின் என் செய்வது என்னும் நான்கு வரியையே தமிழில் கேட்கின்றனர் தமிழர். நான்கு வரி எழுதத் தமிழில் சொல் இல்லையா? ஒட்டி உண்ணும் உயிரினம் அனைத்திற்கும் 'ஒட்டுண்ணி' என்று அறிவியற் பெயர் தந்ததே இந்த உண்ணி என்னும் தமிழ்ச்சொல்தான்!

செய்ய வேண்டுவன

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஆடு, மாடு, கோழி வளர்ப்புக்கெனத் தமிழில் நூல்கள் தந்துள்ளது, அது பாராட்டுக்குரியது. அப்பணி நாய்மருத்துவத்திற்கும் விரிய வேண்டும். மாணவர்க்கு ஆங்கிலத்தில் பாடம் சொல்வோர், நோயரின் உடையவரிடம் தமிழில் விளக்கவும் பயிற்ற வேண்டும். தமிழகத்தில் விற்கும் ஒவ்வொரு கால்நடை மருந்தின் உறையிலும் அந்நான்கு வரி, படிக்கத்தக்க எழுத்தில், தமிழில் இருக்க வேண்டுமெனத் தமிழக அரசு நடுவணரசை வலியுறுத்த வேண்டும்.

அரசு அசையும் வரை நாய் காத்திராது. ஆகலின் நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் இன்றே தொடங்குக. நாள்தோறும் மாலையில் காது, கழுத்து, அக்குள், விரலிடுக்கு, வாலடி ஆகியவற்றைத் தடவிப் பார்க்க. கிழமைக்கொருமுறை படுக்கைத் துணியைக் கொதிநீரில் துவைத்து வெயிலிற் காயவிடுக. சுவர் வெடிப்பைச் சுதைபூசி அடைக்க. நாய்க்கூட்டின் கூரையையும் நிலைச்சட்டத்தையும் மறவற்க. வீட்டில் நாய் மூன்றிருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்திடுக. ஒன்றை விட்டாலும் அதுவே உண்ணிக்கு வித்தாகும். நாயை நிறுத்து, எடையைச் சொல்லி, மருத்துவர் குறித்த மருந்தை மட்டும் வாங்குக. அடுத்த மருந்து எந்நாள் என்பதைச் சுவர் நாட்காட்டியில் தமிழில் குறித்து வைக்க.

மருந்தெழுதும் மருத்துவரிடம், 'இதனைத் தமிழில் எழுதித் தருக' என்று கேட்க. கேட்பதற்கு நாணற்க, நாண வேண்டியவர் கேட்பவரல்லர். ஊருக்கு ஒருவர் இவ்வாறு கேட்கத் தொடங்கின், மருத்துவர் எழுதத் தொடங்குவர். மருத்துவர் எழுதினால் மருந்து வணிகரும் அச்சிடுவர்.